இந்த வரி யாருக்காக? பழைய கணினியின் தொடக்கக் கோப்புகளில் தங்கிவிட்ட ஒலி டிரைவர்கள்

1990களில் ஒரு சவுண்டு கார்டு வாங்கினால் அதன் பெட்டியில் சில ஃபிளாப்பிகளும் இருக்கும். அதிலுள்ள இன்ஸ்டால் நிரலை ஓட்டினால் அது ஹார்ட் டிஸ்க்கில் தனக்கென ஒரு கோப்புறை போட்டு, கோப்புகளை நகலெடுத்து, கடைசியில் கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் என்ற இரண்டு கோப்புகளில் சில வரிகளைச் சேர்த்துவிட்டு முடிந்துவிடும். டாஸ் கணினியை எழுப்பும் ஒவ்வொரு முறையும் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும் கோப்புகள் அவை. சேர்த்த நிரலுக்குச் சேர்த்ததைத் திரும்ப எடுக்கும் வழி பெரும்பாலும் இருக்காது. கார்டைக் கழற்றினாலும், வேறு கார்டு மாட்டினாலும், விண்டோஸ் 95க்கு மாறினாலும் வரிகள் அப்படியே இருக்கும். கணினி கைமாறிப் போகும்போது எந்த வரி எதற்கு என்று தெரிந்தவரும் போய்விடுவார்.

பழைய விளையாட்டுகளை அந்தக் காலத்துக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்கள், பழைய ஐஎஸ்ஏ கார்டு வழியாக ஓர் அளவீட்டுக் கருவியை இன்னும் டாஸில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், அப்பா விட்டுச்சென்ற 486ஐத் தூசிதட்டி எழுப்புபவர்கள் என இந்த வரிகளை இன்றும் பலர் எதிர்கொள்கிறார்கள். அவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஆலோசனை, ஒலி சம்பந்தமாக எது கண்ணில் பட்டாலும் அழித்துவிடு என்பது. அது தவறான ஆலோசனை. அந்த வரிகள் ஒரே இடத்தில், ஒரே கோப்புறைப் பெயரோடு, அடுத்தடுத்து நின்றாலும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. சில நினைவகத்தில் தங்கி இடத்தை அடைப்பவை. சில ஒரு நொடி ஓடி கார்டைத் தயார்செய்துவிட்டு விலகுபவை. சில வெறும் தகவல். சில ஒலிக்கே சம்பந்தமில்லாமல் சிடி டிரைவை இயக்குபவை. ஒரு வரியைத் தொடுவதற்கு முன் அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இடநெருக்கடியின் கதை

1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐபிஎம் பிசியின் இன்டெல் 8088 சில்லுக்கு முகவரித் தடங்கள் 20. அதனால் அது எட்டக்கூடிய நினைவகம் 1,024 கேபி. அதன் மேல்பகுதி 384 கேபியைத் திரைக்கும் பயாஸுக்கும் கூடுதல் கார்டுகளுக்கும் ஒதுக்கிவிட்டு, நிரல்களுக்கு 640 கேபி கொடுத்தார்கள். பத்தாண்டு கழித்து நான்கு எம்பி, எட்டு எம்பி நினைவகத்தோடு 486 கணினிகள் வந்தபோதும் டாஸில் ஓடும் சாதாரண நிரலுக்கு அந்த 640தான் கணக்கு. டாஸ் தனக்கு எடுத்துக்கொள்வது, மவுஸ் டிரைவர், சிடியைப் படிக்க உதவும் எம்எஸ்சிடெக்ஸ், டிஸ்க் வேகத்தைக் கூட்டும் ஸ்மார்ட்டிரைவ், ஒலி டிரைவர் என எல்லாமே அதிலிருந்துதான் பங்கு கேட்டன.

1991இல் வந்த எம்எஸ்-டாஸ் 5.0 கொஞ்சம் மூச்சுவிட வைத்தது. ஹைமெம்.சிஸ், இஎம்எம்386 என்ற நினைவக மேலாளர்கள் இரண்டையும் ஏற்றி, "டாஸ்=ஹை,யூஎம்பி" என்று ஒரு வரி எழுதினால், டாஸின் பெரும்பகுதி முதல் மெகாபைட்டுக்கு அப்பால் போகும்; மேல்பகுதி 384 கேபியில் காலியாகக் கிடக்கும் துண்டுகளில் டிரைவர்களை ஏற்றலாம். ஆனால் அந்தத் துண்டுகள் சிறியவை. அவற்றுக்குள் அடங்காத டிரைவர் சத்தமில்லாமல் கீழே 640க்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த நாளைய விளையாட்டுகள் இந்த இடத்தின் மீது கடும் பசியோடு வந்தன. 1991இல் வந்த ஃபால்கன் 3.0 கேட்ட காலியிடத்தைத் திரட்டுவதற்காகவே தனியாக ஒரு ஃபிளாப்பியிலிருந்து கணினியை எழுப்பியவர்கள் ஏராளம். 1992இல் ஆரிஜின் நிறுவனம் வெளியிட்ட அல்டிமா 7 இன்னொரு வகை: தன் நினைவகத்தைத் தானே ஆண்டுகொள்ளும், இஎம்எம்386 இருந்தாலே ஓடாது. அதற்காக இஎம்எம்386ஐ எடுத்தால் மேல்பகுதிக்குப் போயிருந்த டிரைவர்கள் அனைத்தும் கீழே இறங்கிவிடும். அப்போது ஒலி டிரைவர் பிடித்திருக்கும் பத்துப் பன்னிரண்டு கேபிகூட விளையாட்டு ஓடுமா ஓடாதா என்பதைத் தீர்மானிக்கும்.

ஒரு கோப்பை வரிவரியாக

சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்டு பிளாஸ்டரையும், 1992இல் 16-பிட் ஒலி தரும் சவுண்டு பிளாஸ்டர் 16ஐயும் வெளியிட்டது. பிந்தையது அந்தக் காலத்தின் அளவுகோலாகவே ஆகிவிட்டது. மற்ற நிறுவனங்கள் தங்கள் கார்டு அதனோடு ஒத்துப்போகும் என்று பெட்டியிலேயே அச்சிட்டன. ஆகவே அது விட்டுச்செல்லும் வரிகளையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

கான்ஃபிக்.சிஸ் கோப்பில் இரண்டு "டிவைஸ்" வரிகள் இருக்கும். ஒன்று சிடிஎஸ்பி16.சிஸ், இன்னொன்று சிடிஎம்எம்சிஸ்.சிஸ். பெயரைப் பார்த்தால் கார்டின் உயிர்நாடியே இவைதான் என்று தோன்றும். உண்மையில் கிரியேட்டிவ் தன் ஃபிளாப்பியில் கொடுத்த டாஸ் நிரல்களுக்காக, அதாவது ஒலிக்கோப்பை இசைக்கவும் பதிவுசெய்யவும் தந்த சிறு கருவிகளுக்காக, வந்தவை இவை. விளையாட்டுகள் இவற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. விண்டோஸும் பார்ப்பதில்லை, அதற்கு வேறு டிரைவர்கள். இந்த இரண்டு வரிகளையும் முடக்கினால் பெரும்பாலோர் எந்த வித்தியாசத்தையும் காதில் உணரமாட்டார்கள். நினைவகக் கணக்கில் மட்டும் வித்தியாசம் தெரியும்.

ஏன் அப்படி? டாஸ் ஒலி என்ற ஒன்றையே அறியாத இயங்குதளம். பிரிண்டருக்கும் விசைப்பலகைக்கும் டிஸ்க்குக்கும் அதனிடம் ஏற்பாடு உண்டு, சவுண்டு கார்டுக்குக் கிடையாது. எனவே விளையாட்டு எழுதியவர்கள் கார்டின் போர்ட் முகவரிகளோடு நேரடியாகப் பேசினார்கள். 1993 டிசம்பரில் வந்த டூமை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் செட்டப் நிரல் உங்களிடம் உள்ள கார்டு எது, போர்ட் எது, ஐஆர்க்யூ எனப்படும் குறுக்கீட்டு எண் எது என்று கேட்டு, விடையை டிஃபால்ட்.சிஎஃப்ஜி என்ற தன் கோப்பில் எழுதிக்கொள்ளும். பிறகு கார்டை ஓட்டும் குறிமுறை முழுவதும் டூமுக்குள்ளேயே இருக்கும். மைல்ஸ், எச்எம்ஐ போன்ற ஒலி நூலகங்களை விலைக்கு வாங்கி ஆளுக்கொரு டிரைவரைத் தங்கள் விளையாட்டுக்குள்ளேயே கட்டிக்கொண்டு வருவது அன்றைய வழக்கம். டாஸ் உலகில் ஒலி டிரைவர் என்பது விளையாட்டின் சொத்து. இதை ஒருமுறை புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இப்போது ஆட்டோஎக்ஸெக்.பேட். அதில் "செட் பிளாஸ்டர்=" என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதற்குப் பின்னால் எழுத்தும் எண்ணுமாக ஆறு துண்டுகள். அடிப்படை முகவரி 220, ஐஆர்க்யூ 5, 8-பிட் டிஎம்ஏ (நேரடி நினைவக அணுகல்) தடம் 1, 16-பிட் டிஎம்ஏ தடம் 5, மிடி போர்ட் 330, கடைசியாகக் கார்டின் வகை 6. வகை 1 என்றால் முதல் சவுண்டு பிளாஸ்டர், 2 என்றால் ப்ரோ, 6 என்றால் 16 வரிசை. இந்த வரி எதையும் ஏற்றுவதில்லை. கார்டு எங்கே இருக்கிறது என்று எழுதிவைத்த விலாசம் மட்டுமே இது. இப்படிப்பட்ட மாறிகளை டாஸ் வைத்திருக்கும் சூழல் பகுதியில் சுமார் முப்பது எழுத்துகள், அவ்வளவுதான் இதன் செலவு. ஆனால் விளையாட்டுகளில் பெரும்பகுதி முதலில் தேடுவது இதைத்தான். கார்டு இருக்கும்வரை இந்த வரி இருக்கட்டும். நினைவகம் மிச்சம்பிடிக்கிறேன் என்று இதை அழிப்பவர்களைப் பார்த்தால் மனம் கேட்பதில்லை. ஒரு கேபிகூட மிஞ்சாது, அடுத்த நாள் ஏழெட்டு விளையாட்டுகள் ஊமையாகும்.

அதற்கு அடுத்து "செட் சவுண்டு=", "செட் மிடி=" என்று இரண்டு வரிகள். முதலாவது கிரியேட்டிவின் கோப்புறை எங்கே என்று அதன் சொந்த நிரல்களுக்குச் சொல்வது. இவற்றின் நிலையும் மேலே சொன்னதுதான்: தகவல், பாரமில்லை.

அடுத்து டயக்னோஸ் என்ற நிரலை "/எஸ்" என்ற குறியோடு அழைக்கும் வரி. ப்ளக் அண்ட் ப்ளே வராத முதல் சவுண்டு பிளாஸ்டர் 16களில் போர்ட் முகவரியை ஜம்பரில் வைப்பார்கள், ஐஆர்க்யூவையும் டிஎம்ஏவையும் மென்பொருள்தான் கார்டுக்குச் சொல்லவேண்டும். அந்த வேலை இந்த வரியுடையது. ஓடும், எழுதும், வெளியேறும். நினைவகத்தில் ஒரு பைட்டும் தங்காது. இதை நீக்கிவிட்டு, விளையாட்டில் இசை வருகிறது, துப்பாக்கிச் சத்தம் மட்டும் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள நேரலாம். எஃப்எம் இசைக்கு ஐஆர்க்யூவும் டிஎம்ஏவும் தேவையில்லை, பதிவுசெய்த ஒலிக்குத் தேவை. அதனால்தான் ஒன்று ஒலித்து மற்றொன்று ஒலிக்காமல் போகிறது. எஸ்பி16செட், மிக்ஸர்செட் வகை வரிகள் ஒலி அளவை முன்பிருந்தபடி வைப்பவை. இவற்றை எடுத்தால் ஒலி கூடவோ குறையவோ செய்யலாம், வேறு சேதமில்லை.

சிடி டிரைவ் என்ற கண்ணி

ஒலி வரிகளை அழிக்கப் போய் சிடி டிரைவை இழப்பதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் விபத்து. காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1990களின் முதல் பாதியில் மல்டிமீடியா தொகுப்பு என்று சவுண்டு கார்டையும் சிடி டிரைவையும் ஒரே பெட்டியில் விற்றார்கள். அந்தச் சிடி டிரைவின் கேபிள் மதர்போர்டுக்குப் போகாது. சவுண்டு கார்டின் மேலேயே இருக்கும் இணைப்பில் மாட்டப்படும். பானசோனிக், சோனி, மிட்சுமி ஆளுக்கொரு வகை இணைப்பு வைத்திருந்தார்கள், மூன்றுக்கும் மூன்று இணைப்புகளைச் சுமந்த கார்டுகளும் இருந்தன. அவற்றுக்கான டிரைவர் கோப்புகள் சவுண்டு கார்டின் கோப்புறைக்குள்ளேயே போய் உட்கார்ந்தன: எஸ்பிசிடி.சிஸ், சோனிக்கு எஸ்எல்சிடி.சிஸ், மிட்சுமிக்கு எம்டிஎம்சிடிஏஇ.சிஸ். பின்னால் ஐடிஇ சிடி டிரைவுகள் வந்தபோது கார்டின் ஐடிஇ இணைப்புக்கு எஸ்பிஐடிஇ.சிஸ்.

கோப்புறையின் பெயர் எஸ்பி16, கோப்பின் பெயரும் எஸ்பியில் தொடங்குகிறது. பார்ப்பவருக்கு இது ஒலி டிரைவர்தான் என்று படுவதில் ஆச்சரியமில்லை. ஒரு வரியில் "/டி:எம்எஸ்சிடி001" என்ற துண்டு தென்பட்டால் அங்கே கையை வைக்காதீர்கள். அது சிடி டிரைவுக்குச் சூட்டிய பெயர். ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பில் எம்எஸ்சிடெக்ஸ் வரியிலும் அதே பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கும். இரண்டு வரிகளும் ஒன்றையொன்று அந்தப் பெயரால்தான் அடையாளம் காண்கின்றன. முதலாவதை எடுத்துவிட்டால், டிரைவர் கிடைக்கவில்லை என்று எம்எஸ்சிடெக்ஸ் அறிவித்துவிட்டு ஏறாமல் நின்றுவிடும், சிடிக்கான எழுத்தும் மறைந்துவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. பழைய சிடி டிரைவைக் கழற்றிவிட்டு மதர்போர்டில் நேரடியாக வேறொன்றை மாட்டியிருந்தால், பழைய சிடி டிரைவர் வரி இல்லாத டிரைவைத் தேடித்தேடிக் கணினி எழுவதைத் தாமதப்படுத்தும். அந்த வரி நியாயமாகவே போகவேண்டியது.

மற்ற கார்டுகள்

மீடியா விஷனின் ப்ரோ ஆடியோ ஸ்பெக்ட்ரம் கார்டு கான்ஃபிக்.சிஸ் கோப்பில் எம்விசவுண்டு.சிஸ் என்ற வரியைப் போடும். சவுண்டு பிளாஸ்டர் அனுபவத்தை வைத்துக்கொண்டு இதுவும் தேவையற்றது என்று நினைத்தால் தவறிவிடும். கார்டைச் சவுண்டு பிளாஸ்டர் போல நடிக்கவைப்பதற்கான அமைப்புகளை அந்த வரிதான் தருகிறது. 1994இல் கணக்கு மோசடியில் சிக்கி அந்த நிறுவனம் கவிழ்ந்தது. கார்டுகள் பழைய பெட்டிகளில் இன்னும் கிடக்கின்றன.

கிராவிஸ் அல்ட்ராசவுண்டில் அல்ட்ராசண்ட் என்ற சூழல் மாறியும் அல்ட்ரினிட் என்ற ஒருமுறை நிரலும் இருக்கும். இவை இரண்டும் வேண்டும். எஸ்பிஓஎஸ், மெகாஎம் என்பவை சவுண்டு பிளாஸ்டர் போலவும் பொது மிடி போலவும் பாவனை செய்பவை, நினைவகத்தில் தங்குபவை. தொடக்கக் கோப்பில் இவை இருந்தால் எடுத்துவிட்டு, தேவைப்படும் விளையாட்டுக்கு முன்னால் மட்டும் ஓட்டுவது நல்லது. 1994இல் வந்த ஏடபிள்யூஇ32 கார்டின் ஏடபிள்யூஇயூடில் நிரலுக்கும் இதே முறை: "/எஸ்" குறியோடு ஓடினால் கார்டைத் தயார்செய்துவிட்டு விலகும், "/இஎம்" குறியோடு ஓடினால் மிடி பாவனைக்காகத் தங்கிவிடும். ஒரே நிரல், ஒரு குறியின் வித்தியாசத்தில் இரண்டு குணம். வரியைப் படிக்கும்போது நிரலின் பெயரோடு நிறுத்திவிடாமல் கடைசிவரை படிக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

ப்ளக் அண்ட் ப்ளே ஐஎஸ்ஏ கார்டுகள் வந்தபின் சிடிசிஎம் என்ற பெயர் தொடக்கக் கோப்பில் தென்படத் தொடங்கியது. அந்தக் கார்டுகளுக்கு ஜம்பர் கிடையாது. யாராவது முகவரி கொடுக்கும்வரை அவை பஸ்ஸில் இருப்பதே டாஸுக்குத் தெரியாது. சிடிசிஎம் அந்த முகவரியைக் கொடுக்கிறது. அதை நீக்கினால் கார்டே இல்லாதது மாதிரிதான். அதற்குப் பதிலாக இன்று பழைய கணினி ஆர்வலர்கள் யூனிசவுண்ட் என்ற சிறு நிரலைப் பயன்படுத்துகிறார்கள். அது பிளாஸ்டர் வரியில் எழுதியிருப்பதைப் படித்து, பல நிறுவனங்களின் கார்டுகளை அதன்படி எழுப்பிவிட்டு, நினைவகத்தில் தங்காமல் வெளியேறுகிறது.

பிசிஐ கார்டுகள் வந்தபோது நிலைமை தலைகீழானது. 1998இல் வந்த சவுண்டு பிளாஸ்டர் லைவ் கார்டுக்குப் பழைய 220 முகவரியில் பழைய சில்லு கிடையாது. டாஸ் விளையாட்டு கேட்கும் பழைய கார்டை மென்பொருளால் உண்டாக்கிக் காட்டவேண்டும். அதற்காக ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பில் எஸ்பிஇஇனிட் என்ற நிரல் ஏறுகிறது. அது தங்கும், இடம்பிடிக்கும், இஎம்எம்386ஐயும் கேட்கும். தேவையற்ற ஒலி டிரைவர் என்ற பட்டம் முழுப் பொருத்தமாக அமைவது இதற்குத்தான். ஏனென்றால் அந்தக் கார்டை வாங்கியவர்களில் பெரும்பாலோர் விண்டோஸ் 98இலேயே இருந்தார்கள். விண்டோஸுக்குள் திறக்கும் டாஸ் பெட்டிக்கு ஒலி தருவது விண்டோஸின் சொந்த டிரைவர். விண்டோஸை விட்டு முழு டாஸுக்கு இறங்கி விளையாடுபவருக்கு மட்டுமே எஸ்பிஇஇனிட் வேண்டும்.

நீக்கும் கலை

முதலில் ஒரு தொடக்க ஃபிளாப்பி. "ஃபார்மேட் ஏ: /எஸ்" என்று போட்டு அதில் இரண்டு கோப்புகளையும் நகலெடுத்து வைத்துவிடுங்கள். டாஸ் 6.0 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் "ஸ்டார்ட்டிங் எம்எஸ்-டாஸ்" என்ற சொற்கள் திரையில் வரும் நேரத்தில் எஃப்5 அழுத்தினால் இரண்டு கோப்புகளையும் படிக்காமலே கணினி எழும். எஃப்8 அழுத்தினால் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் வரிக்கு வரி நிறுத்தி வேண்டுமா வேண்டாமா என்று கேட்கும். எதையும் மாற்றாமலே, இந்த வரி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சோதிக்க எஃப்8ஐ விடச் சிறந்த வழி இல்லை. இதைத் தெரியாமல் பலர் வரியை அழிப்பதும் திரும்ப எழுதுவதுமாக நேரத்தைக் கழிக்கிறார்கள்.

அடுத்து அளவு. "மெம் /சி /பி" என்று கொடுத்தால் ஒவ்வொரு டிரைவரும் எவ்வளவு இடம் பிடிக்கிறது, அதில் கீழ்ப்பகுதியில் எவ்வளவு, மேல்பகுதியில் எவ்வளவு என்று பட்டியல் வரும். இறுதியில் ஓட்டக்கூடிய மிகப்பெரிய நிரலின் அளவு இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டிரைவர் மேல்பகுதியில் இருப்பதாகப் பட்டியல் சொன்னால், அதை நீக்கியவுடன் கீழ்ப்பகுதியில் ஒரு பைட்டும் கூடாது. காலியான மேல்துண்டுக்குள் வேறொன்றை, உதாரணமாகச் சுமார் முப்பது கேபி பிடிக்கும் எம்எஸ்சிடெக்ஸை, நகர்த்தினால்தான் பலன். ஒலி டிரைவரை நீக்கியும் மெம் காட்டும் எண் அசையவில்லை என்ற புலம்பலுக்கு விடை பெரும்பாலும் இதுதான்.

மெம்மேக்கர் ஓட்டிய கணினியில் இன்னொரு சிக்கலும் சேரும். டாஸ் 6.0இல் வந்த அந்தக் கருவி ஒவ்வொரு டிரைவரையும் எந்தத் துண்டில் எந்த அளவில் ஏற்றுவது என்று கணக்கிட்டு, "/எல்:" என்ற குறியோடு எண்களை வரிகளில் எழுதிவைக்கும். நடுவில் ஒரு டிரைவரை நீக்கினால் மற்ற வரிகளின் எண்கள் பழைய கணக்கிலேயே நிற்கும். மெம்மேக்கரை மறுபடி ஓட்டினால் சரியாகும். திருப்தியில்லை என்றால் "மெம்மேக்கர் /அன்டூ" முந்தைய நிலையைத் திரும்பத் தரும்.

வரியை அழிக்காதீர்கள், முன்னால் "ரெம்" என்று எழுதுங்கள். டாஸ் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும், நமக்கு என்ன இருந்தது என்ற பதிவும் இருக்கும். விண்டோஸ் 95இன் இன்ஸ்டால் நிரலே இப்படித்தான் செய்தது. எம்எஸ்சிடெக்ஸ் வரிக்கு முன் ரெம் போட்டு, போட்டது விண்டோஸ் செட்டப் என்றும் எழுதிவைத்தது. சவுண்டு கார்டு நிறுவனங்கள் வரிகளைச் சேர்த்தபோது இந்த ஒரு நாகரிகத்தைப் பின்பற்றியிருந்தால், முப்பது ஆண்டு கழித்து இவ்வளவு பேர் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்காது. அது எனக்கு உண்மையான வருத்தம்.

ஒரு நேரத்தில் ஒரு வரி. ரெம் போடுவது, கணினியை மறுபடி எழுப்புவது, மெம் பார்ப்பது, வழக்கமாக ஓட்டும் ஒரு விளையாட்டை ஓட்டிப் பார்ப்பது. கோப்புறையை அழிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. வரி இருக்கக் கோப்பு போய்விட்டால், கோப்பு இல்லை அல்லது கெட்டுவிட்டது என்ற செய்தியோடு கான்ஃபிக்.சிஸ் கோப்பில் எத்தனையாவது வரியில் பிழை என்ற எண்ணையும் டாஸ் காட்டும். பயப்பட வேண்டியதில்லை, கணினி அந்த வரியை விட்டுவிட்டு மேலே போகும். ஆட்டோஎக்ஸெக்.பேட் என்றால் கட்டளை தவறு அல்லது கோப்பு இல்லை என்ற பொதுவான செய்திதான் வரும், வரி எண் வராது. அதனால் அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

எஞ்சிய "செட்" வரிகளால் ஒரேயொரு தொல்லை வரலாம். டாஸ் சூழல் பகுதிக்கு இயல்பாகத் தருவது 256 பைட். நீண்டுபோன "பாத்" வரியோடு கழற்றிப்போட்ட மூன்று நான்கு கார்டுகளின் மாறிகளும் சேர்ந்தால் சூழலில் இடமில்லை என்ற செய்தி வரும். கார்டு இல்லாத மாறிகளை எடுத்துவிடுங்கள்; அல்லது "ஷெல்" வரியில் "/இ:512" என்று சேர்த்துச் சூழலை அகலப்படுத்துங்கள். பாத் வரியில் பழைய கார்டின் கோப்புறை இருக்கிறதா என்றும் பாருங்கள், பலர் அதை மறந்துவிடுவார்கள்.

இவ்வளவும் சொன்னபின் என் சொந்தத் தீர்ப்பையும் சொல்லவேண்டும். டாஸ் 6.0 இருக்கும் கணினியில் நீக்குவதைவிடப் பட்டியல் வைப்பது மேல். கான்ஃபிக்.சிஸ் கோப்பின் தலையில் "[மெனு]" என்று ஒரு பகுதி எழுதி, ஒலிக் கருவிகளோடு, ஒலியில்லாமல், இஎம்எம்386 இல்லாமல் என மூன்று தேர்வுகள் வைக்கலாம். பொதுவான வரிகள் "[காமன்]" பகுதியில் போகும். எந்தத் தேர்வு என்பது கான்ஃபிக் என்ற மாறியில் பதிவாகும், ஆட்டோஎக்ஸெக்.பேட் அதைப் பார்த்து உரிய இடத்துக்குத் தாவும். நேரவரம்பும் வைத்துவிட்டால் யாரும் விசையைத் தொடாதபோது வழக்கமான தேர்வே ஓடும். அல்டிமா 7க்கு ஒரு தேர்வு, டூமுக்கு இன்னொன்று. எதையும் இழக்கவில்லை.

விண்டோஸும் ஓஎஸ்/2வும்

விண்டோஸ் 3.1 ஒலிக்கான வரிகளை சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பில் வைத்தது. "[டிரைவர்ஸ்]" பகுதியில் வேவ், மிடி என்று தொடங்கும் வரிகள். "[386என்ஹ்]" பகுதியில் விஎஸ்பிபிடி.386 போன்ற ஒரு டிவைஸ் வரி. இங்கே கையால் வெட்டுவதைவிடக் கன்ட்ரோல் பேனலின் டிரைவர்ஸ் பகுதியில் நீக்குவதே முறை. இரண்டு இடத்து வரிகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை, ஒன்றை மட்டும் எடுத்தால் மற்றது அநாதையாக நிற்கும்.

விண்டோஸ் 95, 98இல் முதல் வேலை, எந்தக் கோப்பைத் திருத்துகிறோம் என்று உறுதிசெய்வது. பழைய டாஸுக்கும் மாறி எழும்படி வைத்த கணினியில், பழைய டாஸின் கோப்புகள் ஆட்டோஎக்ஸெக்.டாஸ், கான்ஃபிக்.டாஸ் என்ற பெயரில் ஒதுங்கியிருக்கும். பழைய டாஸில் எழுந்தால் பெயர்கள் இடம்மாறி, விண்டோஸின் கோப்புகள் டபிள்யூ40 என்ற பின்னொட்டோடு நிற்கும். எழுந்த பக்கத்தைப் பொறுத்து ஒரே பெயரில் வேறு கோப்பைத் திருத்திவிட்டு, மாற்றம் ஏன் பலிக்கவில்லை என்று திகைப்பது எளிது. முழு டாஸுக்கு இறங்கும்போது மட்டும் ஒலி வேண்டும் என்பவருக்கு விண்டோஸ் கோப்புறையில் டாஸ்ஸ்டார்ட்.பேட் இருக்கிறது. "எம்எஸ்-டாஸ் முறையில் மறுதொடக்கம்" கொடுத்தால் அது ஓடும். எஸ்பிஇஇனிட் போன்ற வரிகளை அங்கே மாற்றிவிட்டால் விண்டோஸ் சுத்தமாக எழும், டாஸும் ஒலியோடு இருக்கும். பார்த்துத் திருத்த சிஸ்எடிட் போதும், அது தொடக்கக் கோப்புகளை ஒரே நேரத்தில் திறக்கும். விண்டோஸ் 98 என்றால் எம்எஸ்கான்ஃபிக் இருக்கிறது. அதில் வரிக்கு எதிரே உள்ள குறியை எடுத்தால் போதும்.

கோப்பை அழித்துவிட்டு வரியை மறந்தால் விண்டோஸ் 9எக்ஸ் டாஸைப் போலச் சும்மா தாண்டிப் போகாது. ரெஜிஸ்ட்ரியோ சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்போ குறிப்பிடும் சாதனக் கோப்பு இல்லை என்று நீண்ட செய்தி காட்டி, ஒரு விசையை அழுத்தும்வரை காத்திருக்கும், ஒவ்வொரு முறையும். செய்தியின் அடியில் உள்ள கோப்பின் பெயரே துப்பு. முதலில் சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பில் தேடி, இல்லையென்றால் ரெஜிஸ்ட்ரியில் விஎக்ஸ்டி பகுதியில் தேடவேண்டும். 2000இல் வந்த விண்டோஸ் எம்இ எழும்போது கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்புகளிலுள்ள டிரைவர்களை ஏற்றுவதையே நிறுத்திவிட்டது. அதோடு விண்டோஸில் இந்த டாஸ் வரிகளின் கதை முடிந்தது.

ஐபிஎம்மின் ஓஎஸ்/2 வார்ப்பில் கான்ஃபிக்.சிஸ் மிக நீளமானது. ஒலிக்கு அதில் குறைந்தது இரண்டு வரிகள் இணையாக நிற்கும்: கார்டின் டிரைவர் ஒன்று, டாஸ் பெட்டிகளுக்கு அந்தக் கார்டைக் காட்டும் ஆடியோவிடிடி.சிஸ் ஒன்று. இரண்டிலும் எஸ்பிஆட்1$ போன்ற ஒரே பெயர் இருக்கும். சிடி டிரைவருக்குச் சொன்ன எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும்: பெயரால் பிணைந்தவற்றைச் சேர்த்தே எடுக்கவேண்டும். எஸ்எஸ்எம்டிடி.சிஸ், ஆர்0ஸ்டப்.சிஸ் இரண்டும் எல்லா மல்டிமீடியாவுக்கும் பொது, அவற்றை விட்டுவிடுங்கள். நல்லவேளையாக இங்கே அழிக்கவும் ஒரு கருவி கொடுத்தார்கள். எம்எம்ஓஎஸ்2 கோப்புறையில் உள்ள டின்ஸ்டஸ்ண்ட் என்ற ரெக்ஸ் நிரலை ஓட்டினால் ஒலி டிரைவர்களைக் கோப்புகளிலிருந்தும் அமைப்புகளிலிருந்தும் அதுவே நீக்கும். வரியைச் சேர்ப்பவர்தான் எடுக்கவும் வழி தரவேண்டும் என்பதை அன்றே உணர்ந்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அது சாட்சி.

புதிய கணினியில் பழைய டாஸ்

டாஸோடு ஒத்துப்போகும் ஃப்ரீடாஸ் இன்று பழைய கணினிகளில் மட்டுமல்லாமல், சவுண்டு பிளாஸ்டரைக் கண்டிராத கணினிகளிலும் ஓடுகிறது. அதன் தொடக்கக் கோப்புகளின் பெயர் எஃப்டிகான்ஃபிக்.சிஸ், எஃப்டிஆட்டோ.பேட். மதர்போர்டோடு வரும் எச்டி ஆடியோ சில்லைப் பழைய சவுண்டு பிளாஸ்டராகக் காட்ட எஸ்பிஇஎம்யூ என்ற நிரலை அவற்றில் ஏற்றுகிறார்கள். அது தனியே வராது. சாதாரண டாஸ் விளையாட்டுகளின் போர்ட் அழைப்புகளைப் பிடிக்க ஜெம் என்ற நினைவக மேலாளரும் அதன் துணை நிரலும் வேண்டும், டூம் போன்ற 32-பிட் விளையாட்டுகளுக்கு எச்டிபிஎம்ஐ என்ற நிரல் வேண்டும். ஆக, இல்லாத கார்டுக்காக நான்கு வரிகள். இங்கேயும் கேட்கவேண்டியது அதே கேள்விதான். 32-பிட் விளையாட்டே ஓட்டாதவருக்கு எச்டிபிஎம்ஐ வரிக்கு ரெம் போடலாம். டூம் மட்டுமே ஆடுபவர் எச்டிபிஎம்ஐயை வைத்துக்கொண்டு சாதாரண விளையாட்டுகளுக்கான பாவனையை எஸ்பிஇஎம்யூவின் குறியால் அணைத்துவிடலாம். அப்போது மெம் பட்டியலில் எந்த எண் நகர்கிறது என்று பார்த்து, நகராவிட்டால் வரியைப் பழையபடியே விட்டுவிடுங்கள்.